ஊசியோடு வருபவர்: கேமரன் மலைத் தோட்டங்களும் தடுப்பூசி நம்பிக்கையும்



பின்தங்கிய மக்களிடம் தடுப்பூசி மீதான நம்பிக்கையை எப்படி வளர்ப்பது என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் மருத்துவன் அல்லன். தோட்ட மக்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பவன். அந்த வரலாற்றிலிருந்து பார்க்கும்போது இந்தத் தலைப்பில் ஒரு நெருடல் இருக்கிறது. மக்களிடம் ஏதோ குறைகிறது, படித்தவர்கள் போய் அதை நிரப்பவேண்டும் என்று அது நினைக்க வைக்கிறது. தோட்டத்து மக்கள் ஊசி மருந்தை எடைபோட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுவந்த ஆளைத்தான் எடைபோட்டார்கள். இவர் யார், யார் சொல்லி வந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்கும் வருவாரா என்றுதான் பார்த்தார்கள். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் இந்தக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பாரத் நிறுவனத்தின் தேயிலையும் இங்கே வந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பது இந்த அவைக்குத் தெரியும். சொந்த ஊரில் கங்காணி ஆள் சேர்ப்பார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் சில நாள் தங்கவைப்பார்கள். அதன் பிறகு கப்பல். பினாங்கில் இறங்குகிறவர்களுக்கு ஜெரெஜாக் தீவிலும், மற்றவர்களுக்குப் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நோய்த் தடுப்பு முகாம். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பை நிறுத்தும்வரை இதுதான் பாதை.

தோட்டத் தமிழர்கள் பலர் தடுப்பூசியைச் சந்தித்தது அந்த முகாம்களில்தான். மருத்துவர் நாக்கைப் பார்ப்பார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், தோளில் அம்மை குத்துவார்கள். தேறியவர் கப்பல் ஏறலாம். தேறாதவர் திரும்பிப் போகவேண்டியதுதான். எதற்காகக் குத்துகிறார்கள் என்று யாரும் விளக்கியிருக்க வாய்ப்பில்லை. குத்திக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவும் இடமில்லை. பெரியம்மையிலிருந்து பல உயிர்களைக் காத்த ஊசி அது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது மக்களிடம் வந்து சேர்ந்த விதத்தையும் பார்க்கவேண்டும். தன் உடம்பைக் காக்கும் மருந்தாக அல்ல, தன்னை உள்ளே விடவும் வெளியே தள்ளவும் அதிகாரம் உள்ள ஒருவரின் முத்திரையாக அது வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் கழித்து, அந்தத் தமிழர்கள் குடியேறிய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேறு மக்களிடம் இதையே மறுபடியும் பார்க்கப்போகிறோம்.

மாரியம்மன் வழிபாடுதான் தமிழர்களை அம்மை குத்துவதிலிருந்து தடுத்தது என்று ஆங்கிலேய அதிகாரிகள் பலர் எழுதி வைத்தார்கள். இன்றும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மை கண்ட வீட்டில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியாட்களை உள்ளே விடவில்லை. நோயாளியைத் தனியே படுக்கவைத்து, அந்த வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருந்தார்கள். இது நோயைத் தடுக்கவில்லை. ஆனாலும் நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. நோய் வந்த வீட்டை ஊரே அடையாளம் கண்டு மரியாதையோடு ஒதுங்கி நின்றது. அந்தக் குடும்பம் ஒளிந்தது யாரிடமிருந்து? அம்மனிடமிருந்து அல்ல. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அம்மைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுகிற அதிகாரியிடமிருந்து. அந்தக் கொட்டகைக்குப் போன பிள்ளை திரும்பி வருமா என்று தாய்க்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப் பதிவேட்டில் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார்கள்.

இந்த மலையில் தோட்டம் தோறும் மாரியம்மன் இருக்கிறாள். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி இருக்கிறார். இவர்கள் தடுப்பூசிக்கு எதிரிகள் என்று நினைப்பவர் தோட்டத்தை அறியாதவர்.

அடுத்து வந்தது டிரசர் காலம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்டங்கள் மருத்துவ வசதி செய்துதர வேண்டியிருந்தது. தோட்டத்துக்குள்ளேயே ஒரு மருந்தகம் உண்டானது. அதில் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டமே வந்தது. மக்கள் வாயில் அவர் கடைசிவரை டிரசர்தான். அவர்களில் சிலர் நிர்வாகத்தின் ஆளாகவே நடந்துகொண்டார்கள். காய்ச்சலோடு வந்தவனைச் சோம்பேறி என்று சொல்லிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, திருப்பி அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்தக் குறையை மறைத்து அவர்களைப் போற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு டிரசர் அதே தோட்டத்தில் பத்து, இருபது ஆண்டு இருப்பார். பிரசவம் பார்த்தவர் அவர், பாம்புக்கடிக்கு ஓடி வந்தவர் அவர், பிள்ளையின் காதில் சீழ் வடிந்தபோது மருந்து விட்டவரும் அவர். அவர் ஆயாக்கொட்டகைக்கு, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்து, "நாளைக்கு எல்லாப் பிள்ளைகளையும் கொண்டாங்க, ஊசி போடணும்" என்றால் கொண்டுவந்தார்கள். யாரும் துண்டறிக்கை கேட்கவில்லை. குழந்தைக்கு அன்றிரவு உடம்பு சுட்டால் யார் கதவைத் தட்டுவது என்று தாய்க்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாவின் கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை.

மலேசியாவின் தடுப்பூசித் திட்டம் உலகத் தரத்துக்கு உயர்ந்த ஆண்டுகளும் இவைதான். 1961இல் பிசிஜி, 1972இல் போலியோ, 1980களில் தட்டம்மை, 1989இல் ஹெப்படைட்டிஸ் பி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கிராமப்புறச் சிறு கிளினிக்குகளும், தாதிகள் வீடு தேடிப் போவதும், பள்ளிகளுக்கு வரும் சுகாதாரக் குழுவும் இந்த நாட்டின் பெருமைகள். பள்ளிக் குழு தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று அழுததை இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1992க்குப் பிறகு பல ஆண்டுகள் நாட்டில் போலியோ இல்லை, 2000இல் போலியோ அற்ற நாடு என்ற அறிவிப்பும் வந்தது.

பிறகு என்ன நடந்தது? தோட்டத்துத் தமிழர்கள் பட்டணத்துக்கு இறங்கினார்கள். பிள்ளைகள் படித்தார்கள், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கொழுந்துக் கத்தரியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்க எந்தத் தாயும் விரும்பவில்லை. தோட்டங்களில் சில தமிழ்க் குடும்பங்கள் மிஞ்சின. காலியான லயங்களுக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டிரசர்களும் குறைந்தார்கள்.

இந்தப் புதியவர்களுக்கு மலேசிய மருத்துவம் எப்படி அறிமுகமாகிறது என்று பாருங்கள். 1997இலிருந்து ஃபொமேமா என்ற அமைப்பின் வழியாக வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மருத்துவச் சோதனைக்குப் போகவேண்டும். இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சுப் படம் எடுப்பார்கள். காசநோய், ஹெப்படைட்டிஸ் பி போன்றவை இருந்தால் தகுதியில்லை என்று முடிவாகும், பெண்ணாக இருந்து கருவுற்றிருந்தாலும் அப்படியே. வேலை அனுமதி போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டும். வருவதற்கு வாங்கிய கடன் அடையாமல் திரும்புவது என்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆவடி முகாமில் நம் முன்னோருக்கு நடந்ததும் இதுதான். வெள்ளைச் சட்டை போட்டவர் கையைப் பிடித்தால் வேலை போகலாம் என்று கற்றுக்கொண்ட ஒருவரிடம், அதே வெள்ளைச் சட்டையோடு போய் "இது உன் நன்மைக்கு" என்று சொன்னால் அவர் ஏன் நம்பவேண்டும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்தத் தொழிலாளர்கள் தடுப்பூசியை அறியாத நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். கொடிய வகைப் பெரியம்மையின் கடைசி இயற்கைத் தொற்று 1975 அக்டோபரில் வங்காளதேசத்தின் போலா தீவில், ரஹிமா பானு என்ற சிறுமிக்கு வந்தது. அதைச் சுகாதாரப் பணியாளர்களிடம் தெரிவித்தவள் அதே ஊரைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி. அவளுக்குப் பரிசுப் பணமும் கொடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவிப்பதற்கு அந்தத் தீவின் மக்கள் செய்த பங்கு அது. 1980களின் நடுப்பகுதியில் வங்காளதேசத்தில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். இன்று எண்பதுக்கும் மேல். அந்தச் சாதனையில் பெரும்பங்கு, வீடு வீடாக நடந்த பெண் பணியாளர்களுடையது. யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துத் தாய்மாரை அழைத்து ஊசி போட்டார்கள். நேப்பாளத்தில் 1988இல் தொடங்கிய பெண் சுகாதாரத் தொண்டர் திட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். மலைப்பாதையில் நடந்து நடந்தே அவர்கள் தாய்மாரைத் தடுப்பூசிக்கு அழைத்து வந்தார்கள்.

ஆகவே, ஊரில் தன் குழந்தையைத் தயங்காமல் ஊசிக்குக் கொண்டுபோன அதே மனிதர் இங்கே வந்து தயங்குகிறார். அவர் மாறவில்லை. ஊசியோடு வருபவர் மாறிவிட்டார்.

2021இல் இதை நாடே பார்த்தது. கோவிட் தடுப்பூசித் திட்டம் பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. ஆவணம் இல்லாதவர் உட்பட இந்த நாட்டில் வாழும் எல்லாருக்கும் இலவசம் என்று அதே மாதத்தில் அறிவித்திருந்தார்கள். திட்டத்தை ஒருங்கிணைத்த அமைச்சர் கைரி ஜமாலுதீன் இதை வெளிப்படையாகவே சொன்னார். நல்ல அறிவிப்பு, அறிவுள்ள அறிவிப்பு. ஆனால் மே மாத இறுதியில், ஆவணமில்லாதவர்களைத் தேடிப் பிடிப்போம் என்று உள்துறை அமைச்சிலிருந்து குரல் வந்தது. ஜூனில் சோதனைகளும் நடந்தன. ஒரு வாசலில் வா என்றார்கள், மறு வாசலில் விலங்கோடு நின்றார்கள். பெயர் கொடுக்க யார் முன்வருவார்? பிறகு ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்பதிவு இல்லாமல் நேரே வந்து போட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டபோது புக்கிட் ஜாலில் மையத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் திரண்டு வந்து வெயிலில் காத்து நின்றார்கள். ஊசியை வெறுத்தவர்கள் அப்படி வரிசையில் நிற்பார்களா? அக்டோபரில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முழுமையாகப் போட்டுக்கொண்ட நாடாக மலேசியா ஆனது. அச்சத்தை எடுத்துவிட்டால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம்மவர்களைப் பற்றியும் பேசவேண்டும். கேமரன் மலையின் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. ரிங்லெட்டிலும் கம்போங் ராஜாவிலும் அரசு கிளினிக்குகள் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம். மழைக்காலத்தில் தோட்டத்து உள்பாதையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். 2013இலும் 2014இலும் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் வெள்ளமும் சேறும் புகுந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மண்சரிந்து சாலை அடைபடுவது இங்கே புதிய செய்தியே இல்லை. அரை நாள் கூலி போகும். கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். இந்தத் தடைகளால் ஒரு ஊசி தவறிப்போனால் தாய்க்கு அக்கறையில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

தூரம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்தே கற்கலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே குலுங்கியது. அரசு உடனே பாதுகாப்பைக் கருதி, ஊருக்குள் இருந்த துணை நிலையங்களில் செவிலியர்கள் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் ஊர் நடுவில் கிடைத்த ஊசி பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 80.9. 2015-16இல் அது 69.7 ஆகக் குறைந்தது. இடையில் இந்த மாற்றம் நடந்திருந்தது. சரிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பொதுச் சுகாதார வல்லுநர்கள் சொல்கிறார்கள். பிறகு மீண்டு 2019-21இல் 89.2க்கு ஏறியது. தமிழ்நாட்டுத் தாய்மார் பத்தாண்டில் அறிவு குறைந்து, அடுத்த ஐந்தாண்டில் அறிவு கூடிவிட்டார்களா? இல்லை. தாய்மார் அதே தாய்மார்தான். ஊசி போடும் இடம் மாறியதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

திருவள்ளூரை நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசிக்குப் பிறகு ஏதாவது தீங்கு நடந்தால் அதை மறைக்கக் கூடாது. அரிதாக நடக்கலாம். நடந்ததை மக்களிடம் முதலில் சொல்லவேண்டியது சுகாதாரத் துறைதான். அது மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் வேறு யாரோ அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் விஷயத்தில் இதைக் கண்டோம். ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மக்களுக்குத் துணிச்சல் வரட்டும் என்று எல்லார் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். அவர் மறைவின் துயரத்தோடு சேர்ந்து ஒரு வதந்தியும் கடல் கடந்து நம் கைப்பேசிகளுக்கு வந்தது. மாரடைப்புக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று இந்தியாவின் தேசிய ஆய்வுக் குழு அறிவித்தபோது மாதங்கள் ஓடிவிட்டன. அந்த மாதங்களில் வீட்டுப் பெரியவரிடம் யார் பேசினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் நடந்தது. தெரிந்த தாதி ஒருவர் உட்கார்ந்து, "மாமா, அவருக்கு இதயத்தில அடைப்பு முன்னாடியே இருந்திருக்கு, உங்களுக்கு இரத்த அழுத்தம் நான் பாக்குறேன், வாங்க" என்று சொன்ன வீடுகளில் பெரியவர்கள் வந்தார்கள். தொலைக்காட்சியில் நிபுணர் பேசியதைக் கேட்டு வந்தவர்களைவிட இப்படி வந்தவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள். பிப்ரவரியில் முடியவேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது.

வதந்தியைப் போலவே தடையாக நிற்கும் அடையாள அட்டைக்கு வருவோம். இந்த நாட்டில் பிறந்தும் மைகாட் இல்லாத தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தாவிடம் இருந்த, நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை, பதியாமல் போன திருமணம், தொலைந்த பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம். குடிமகன் அல்லாதவருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆவணமில்லாத தாய் கிளினிக் முகப்பில் நிற்கும்போது முதலில் அவளிடம் கேட்கப்படுவது குழந்தையின் உடல்நிலை அல்ல. கையிலிருக்கும் காகிதம். ஒருமுறை அப்படிக் கேட்கப்பட்டுக் கூசிப்போனவள் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். 2010இலிருந்து முதல் படிவத்து மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பள்ளியிலேயே இலவசம். உன்னதமான திட்டம். ஆனால் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் அந்த வரிசையில் இல்லை. அந்த நோய் அதிகம் தாக்குவது பின்னாளில் பரிசோதனைக்கும் போகாத இப்படிப்பட்ட பெண்களையே.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் குறைகளெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? 2019 நடுவில் கிளந்தானின் குவா மூசாங் பக்கம் கோலா கோ என்ற ஊரில் பாத்தேக் இனத்துப் பூர்வகுடிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். குவா மூசாங் நம் கம்போங் ராஜாவிலிருந்து சாலை போகும் இடம்தான். என்ன நோய் என்று தெரியாமல் முதலில் நாடே திகைத்தது. தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதி செய்தது. தடுப்பூசி முழுமையாகப் போட்டிருந்தவர்கள் அங்கே மிகக் குறைவு. சத்துக்குறைவும் சேர்ந்துகொண்டது. உலகிலேயே வேகமாகப் பரவும் நோய்களில் ஒன்று தட்டம்மை. நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் அந்த அறைக் காற்றில் கிருமி தங்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அதை நிறுத்தலாம். அதே ஆண்டு டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 27 ஆண்டுக்குப் பிறகு முதல் நோயாளி. நம் மலையில் செமாய் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களும் தோட்ட லயங்களும் ஒரே ஓடையின் இரு கரைகளில் இருக்கின்றன. சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டு இருமல் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். வங்காளதேசத் தொழிலாளிக்கு ஊசி இல்லையென்றால் நம் பேரப்பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை.

இதற்கு வழி தேடும்போது இலங்கை மலையகத் தமிழரிடமிருந்து நாம் கற்கவேண்டியது இருக்கிறது. அவர்களும் லயத்தில் இருப்பவர்கள்தான். நம்மைவிட வறியவர்கள். ஆனால் அங்கே அரசின் குடும்பநல மாது ஒவ்வொரு பகுதிக்கும் உண்டு. கருவுற்ற நாளிலிருந்து அவர் பெயர் தெரிந்தவர். குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு வருகிறார். எடை பார்க்கிறார், ஊசி நாளைச் சொல்கிறார், வராத தாயைத் தேடிப் போகிறார். இலங்கையின் குழந்தைத் தடுப்பூசி விகிதம் ஆசியாவின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பணக்கார நாடு என்பதால் வந்த வெற்றி அல்ல அது.

எனவே நான் கேட்பது பெரிய மருத்துவமனையை அல்ல. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஆளைக் கேட்கிறேன். மாதந்தோறும் ஒரே நாளில் வரும் ஒரே தாதி. அவரோடு லயத்திலேயே வாழும் ஒருவர். தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம், வங்காளம் பேசும் தொழிலாளியாக இருக்கலாம், செமாய் இளைஞராக இருக்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். தொண்டு என்று சொல்லி ஏழையின் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது. ஊசி நாளில் மட்டும் அவர் வந்தால் போதாது. சர்க்கரை பார்க்கவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் மலாயில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லவும் வரவேண்டும். ஃபொமேமா அறிக்கைக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. குடிநுழைவுத் துறையிடம் இவர் ஒரு பெயரையும் கொடுக்கமாட்டார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். அந்த எழுத்து வங்காளத்திலும் நேப்பாளியிலும் லயத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

தோட்ட நிர்வாகத்தார் இந்த அவையில் இருக்கிறீர்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் உங்களுக்குப் பொறுப்புகளைத் தந்திருக்கிறது. அதன் எழுத்தை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள், அதன் நோக்கத்தை நிறைவேற்றுங்கள். தடுப்பூசிக்குப் போகும் அரை நாளுக்குக் கூலி பிடிக்காதீர்கள். பெரட்டு நேரத்தில் அறிவிப்பது போதாது. வண்டி கொடுங்கள்.

கோயில் நிர்வாகத்தாரே, திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். அந்தத் தாதியை உட்கார வையுங்கள். பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தை அவர் பார்க்கட்டும். எந்த ஊசி விடுபட்டது என்று சொல்லட்டும். பந்தலுக்கு வரும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அந்த மேசையில் இடம் கொடுங்கள், அவரிடம் அட்டை கேட்காதீர்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்களின் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. அதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இந்த அறக்கட்டளையார் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒரு தோட்டத்தில் ஒரு ஆளின் ஓராண்டுச் சம்பளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தோட்டம் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். மலையில் மிகவும் உள்ளடங்கிய தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்.